டானியின் ஸ்கேற்றைத் தீட்டிய நாள்

1. தீட்டும் மேசை

கனடாவின் ஸ்காபரோவில் நான் தைத்துக்கொண்டிருந்த பக்டரியை மூடியபிறகு, சின்ன லீக் ஐஸ் ஹொக்கிக் குழு ஒன்றில் உடுப்பும் சாமானும் பார்க்கும் வேலை கிடைத்தது. ஸ்கேற், அதாவது ஐஸில் ஓடும் சப்பாத்தின் அடிக்கத்தி, தீட்டுவதும் அதில் அடக்கம். ஐஸில் நேராக நிற்கத் தெரியாத நான் பதினெட்டு வருடம் மற்றவர்களுக்குத் தீட்டிக் கொடுத்தேன்.

சின்ன லீக் என்றால், பெரிய லீக் கூப்பிடும்வரை காத்திருக்கும் இடம். டானி என்ற தடுப்பு ஆட்டக்காரன் அங்கே பதினொரு வருடம் காத்திருந்தான். விரல் உடைந்தாலும் விளையாடுவான். தாடையில் தையல் போட்டுக்கொண்டு அதே மட்சில் திரும்பவும் இறங்குவான். தேர் பார்க்க வந்தவன் போல நான் அவனையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அவனுக்கு ஒரு பிடிவாதம். மட்ச் நாளில் அவன் ஸ்கேற்றைத் தீட்டக் கூடாது. புதிதாகத் தீட்டிய எட்ஜ், கத்தியின் விளிம்பு, ஐஸை அதிகம் கடிக்குமாம். இரண்டு பயிற்சி ஓடித் தேய்ந்தால்தான் அவன் கால் அதை நம்பும்.

2. அழைப்பு

ஒரு மத்தியானம், பெரிய குழுவில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்று அன்றிரவு மட்சுக்கு டானியைக் கூப்பிட்டார்கள். முப்பத்துமூன்று வயதில் முதல் அழைப்பு. தாய்க்குப் போன் எடுத்தான். சுவரைப் பார்த்தபடி செய்தியைச் சொன்னான். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அவன் முன்னால் போக, சாமானை நான் டவுன்ரவுனில் இருக்கும் பெரிய அரங்குக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு.

அவன் ஸ்கேற்றை மேசையில் வைத்தேன். எங்கள் அரங்கில் ஐஸை மட்டப்படுத்தும் மெசின் ஓட்டும் குணம் அண்ணை கண்டுவிட்டார்.

"எடேய் சிவா, உதில கை வையாதை. அவன் பழகின எட்ஜ்."

"நல்ல காரியத்துக்குப் போறான் அண்ணை. தேய்ஞ்சதோட அனுப்பேலுமே?"

"அவனைக் கேட்டனியோ?"

கேட்கவில்லை. சோதனைக்குப் போகும் பிள்ளைக்குப் புதுப் பேனை வாங்கிக் கொடுக்கிற புத்தி எனக்கு. முகம் தெரியத் தீட்டினேன். அதனால் புறப்படப் பிந்தி, நெடுஞ்சாலையில் நெரிசலிலும் மாட்டினேன். மட்சுக்கு முந்திய வோர்ம்-அப்பில் இரண்டு சுற்று ஓடத்தான் டானிக்கு நேரம் கிடைத்தது.

3. வாங்குக்குப் பின்னால்

ஆட்டக்காரர் இருக்கும் வாங்குக்குப் பின்னால் என்னை நிற்க விட்டார்கள். டானி இறங்கிய முதல் நிமிடமே, வேகமாகத் திரும்பும்போது எட்ஜ் ஐஸில் கொழுவிக் குப்புற விழுந்தான். எதிராளி அவனைக் கடந்துபோய்க் கோல் அடித்தான்.

வாங்குக்கு வந்தவன் குனிந்து, எட்ஜில் நகத்தை வைத்துப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"என்ன நடந்தது?" கோச் கத்தினார்.

ஸ்கேற் என்று ஒரு சொல் சொன்னால் போதும், என் வேலை அன்றோடு சரி. டானி பேசியது ஆங்கிலம்தான். என் காதில் எல்லாம் எங்கள் தமிழாகத்தான் விழும்.

"என்ரை பிழை கோச். பதட்டம்."

"அப்ப அது தீருமட்டும் இரு."

பதினொரு வருடம் காத்திருந்தவன் அந்த வாங்கிலும் காத்திருந்தான். இடைவேளையில் காலை என்னிடம் நீட்டினான். "சிவா, இதைக் கொஞ்சம் மழுக்கு." கல்லால் உரசினேன்.

கடைசியான மூன்றாம் பகுதியில் வேறொருவனுக்கு அடிபட்டதால் டானியை இறக்கினார்கள். கடைசி நிமிடத்தில் கோலை நோக்கிப் பறந்து வந்த பக்கை, அந்தக் கறுத்த ரப்பர் வட்டை, முழந்தாளில் விழுந்து விலாவால் மறித்தான். எழும்பி அடுத்ததையும் மறித்தான். சனம் எழுந்து நின்று கத்தியது. மனிதன் இப்படியும் இருப்பானா என்று நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அடுத்த நாள் எங்களிடம் திரும்பி வந்தான். பிறகு அவனுக்கு அழைப்பே வரவில்லை.

"ஏன் என்னைக் காட்டிக் குடுக்கேல்லை?" என்று கேட்டேன்.

"நல்லதெண்டு நினைச்சுத்தானே செய்தனி. இனிமேல் கேட்டுச் செய்."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியதும் அவ்வளவுதான். எவ்வளவு அன்பு இருந்தாலும் கேட்டுச் செய்யுங்கள்.

இரண்டு வருடம் கழித்து அவனுடைய கடைசி மட்ச் வந்தது. ஸ்கேற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவனிடம் போனேன்.

"டானி, இப்பிடியே விடவோ?"

எட்ஜில் நகத்தை வைத்துப் பார்த்தான்.

"இண்டைக்குத் தீட்டு சிவா. விழுந்தா எழும்புவன்."

தீட்டிக் கொடுத்தேன். அவன் விழவில்லை.