போர்டு முழுக்க ஒரே உப்பு லாரி

புது சர்வருக்கு மாறிய அன்று மத்தியானம் கேட் திறந்தது. முதல் லாரி உள்ளே போனதும், எங்கள் கண்டெய்னர் யார்டின் வாசல் போர்டில் பன்னிரண்டு வரியிலும் ஒரே வண்டி நம்பர் தெரிந்தது. அடுத்து எந்த வண்டி என்று காட்டும் போர்டு அது. அதற்கு சி மொழியில் புரோகிராம் எழுதிய மகராசி நான்தான்.

நம்பருக்குச் சொந்தக்காரர், வரிசையில் கடைசியாக வந்து நின்ற ஏரல் உப்பு லாரி டிரைவர். மனிதர் சந்தோஷமாகப் போர்டை செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்து உள்ளே போகவேண்டியவர் தருவைகுளம் மிக்கேல். வண்டியில் உறைய வைத்த இறால். இரண்டு மணிக்குள் போகாவிட்டால் அன்றைய கப்பலில் ஏற்ற முடியாது. அப்போது மணி ஒன்றேகால். போர்டில் நம்பர் இல்லாத வண்டியை விடமாட்டேன் என்று கேட் காவலாளி பிடிவாதமாக நின்றார்.

மிக்கேல் நேராக என் அறைக்கு வந்தார். "மேடம், காலையில இருந்து இங்கனதான் நிக்கேன். என் வண்டிய எங்க தொலைச்சிய?"

"எட்டு வருஷமா ஓடுற புரோகிராம் அண்ணாச்சி. அதுல தப்பு இருக்காது."

இப்படிச் சொல்லும் புரோகிராமரை யாரும் நம்பாதீர்கள்.

"ஒரு வண்டி உள்ள போனா உங்க மிஷின் என்ன செய்யும்?"

"மத்த நம்பரையெல்லாம் ஒரு இடம் முன்னால காப்பி பண்ணும்."

"எந்தப் பக்கத்துல இருந்து? கடைசி வண்டிக்காரன் முதல்ல நகந்தா, முன்னால நிக்கவன் மேலல்லா ஏறுவான்?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் போட்டிருந்தது memcpy என்ற காப்பி கட்டளை. எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால், அது எதற்கும் பொறுப்பேற்காது. பழைய சர்வர் என் அதிர்ஷ்டத்துக்கு முன்னாலிருந்து நகர்த்தியது. புதியது பின்னாலிருந்து நகர்த்தியது. கடைசி நம்பர் ஒவ்வொன்றின் மேலும் ஏறி முதலிடம்வரை வந்துவிட்டது. இப்படி இடங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது பத்திரமாக நகர்த்தவென்றே memmove என்று இன்னொரு கட்டளை இருக்கிறது. படித்திருந்தேன், நமக்கெதற்கு என்று விட்டிருந்தேன்.

ஒரு வார்த்தையை மாற்றினேன். ஆனால் அழிந்த நம்பர்களுக்கு எங்கே போவது?

மிக்கேல் சிரித்தார். "நம்பர் அழிஞ்சா என்ன மேடம், வண்டி ரோட்டுலதான நிக்கு?"

என் பேனாவை வாங்கிக்கொண்டு போய், வரிசையின் முன்னாலிருந்து கடைசிவரை நடந்து வண்டி நம்பர்களை எழுதி வந்தார். நான் தட்டச்சு செய்தேன். ஒன்று ஐம்பதுக்கு இறால் உள்ளே போனது. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. உப்பு லாரிக்காரர் மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

இத்தனை வருடம் ஓடியது என்பது, சரியாக எழுதியதற்குச் சாட்சி ஆகாது. இதை நான் மறந்தாலும் மிக்கேல் விடுவதில்லை. இன்றும் கேட்டைத் தாண்டும்போது ஜன்னல் வழியே தலையை நீட்டுவார்.

"மேடம், இன்னைக்கு எந்தப் பக்கத்துல இருந்து நகத்துதிய?"