பொன்னம்மை மாமி சும்மா இருந்த இடம்

பொன்னம்மை மாமி இறந்த செய்தி எனக்குக் குளக்கரையில் கிடைத்தது. முடைவதற்கான தென்னோலையை ஊறப் போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டு லீலா அக்கா வரப்பில் நின்றபடியே, "மாமி போயாச்சு பிள்ளே, விடிஞ்சு பாத்தா எழும்பேல்ல" என்றாள். பிறகு, "பாவம், ஓடி ஓடி உழைச்ச உடம்பு" என்றாள். இதே லீலா அக்கா முன்பு மாமியை மடிச்சி, சோம்பேறி என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்.

அடக்கத்தின்போது சபை உபதேசியார், மாமி ஒரு நிமிடத்தையும் வீணாக்காதவர் என்று பேசினார். அக்கம்பக்கத்தார் நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். நான் பின்னால் நின்றேன். நான்கு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனால் எழுத வரும். அதனால் எழுதுகிறேன். அன்று நீங்கள் புகழ்ந்தது வேறு யாரையோ. எனக்குத் தெரிந்த மாமி தினமும் மத்தியானம் ஒரு மணி நேரம் ஒன்றுமே செய்யாமல் இருந்தவள். அதற்காகவே நீங்கள் அவளை வெறுத்தீர்கள்.

நம் குடிசைகள் நிலத்துக்காரரான பெரியவீட்டாரின் தோப்புக்குள் இருந்த காலம் உங்களுக்கு மறந்திருக்காது. அவர்கள் மாடி ஜன்னலில் நின்றால் எல்லா முற்றமும் தெரியும். எந்தப் பெண்ணின் கை வெறுமனே இருக்கிறதோ அவளுக்கு அங்கிருந்து கூப்பாடு வரும். சாணி அள்ள வேண்டும், நெல் அவிக்க வேண்டும், கூலி கிடையாது. அதனால் இங்கே பெண்கள் இளைப்பாறும்போதும் பாதி முடைந்த ஓலை ஒன்றை மடியில் வைத்திருப்பார்கள். ஜன்னல் திறந்தால் விரல் ஓடும். இதை எனக்கு ஐந்து வயதிலேயே அம்மா பழக்கிவிட்டாள்.

குடியிருக்கும் மண் குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்து, எல்லோருக்கும் பத்து சென்ட் மண்ணும் அதற்கான பட்டயமும் கிடைத்தது. பெரியவீட்டார் மீதியை விற்றுவிட்டு நகரத்துக்குப் போனார்கள். ஜன்னலைப் பலகை வைத்து அடித்துவிட்டார்கள். ஆனாலும் உங்கள் மடியிலிருந்து ஓலை இறங்கவில்லை. மாமி மட்டும் பட்டயம் வந்த மறுநாள் அந்தப் பாதி ஓலையை அடுப்பில் வைத்தாள். தன் மண்ணின் கிழக்கு மூலையில், பலாமரத்து நிழலில் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

அம்மா வேலிக்கு இப்பால் நின்று கேட்டாள். "என்ன பொன்னம்மே, சீக்கா?"

"இல்ல."

"பின்ன?"

"சும்மா ஆக்கும்."

"சும்மா இருந்தா சோறு வருமா?"

"சோறு தின்னாச்சு" என்றாள் மாமி.

அவள் வேலைக்குக் கள்ளம் காட்டியவள் அல்ல. மற்றவர்கள் சாயங்காலம்வரை முடைவதை மத்தியானத்துக்குள் முடைந்துவிடுவாள். சில நாள் நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன். கதை சொல்ல மாட்டாள், புத்தி சொல்ல மாட்டாள். என்ன நினைக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "நினைக்கியதும் ஒரு வேலைதானே மக்கா. அதும் இல்ல" என்றாள்.

அவளுடைய மகன் ராஜன் அண்ணன் பேர்ஷ்யாவுக்கு, வளைகுடா நாட்டு வேலைக்குப் போனார். மாமிக்கு எழுத்து தெரியாது. கடிதம் வாசிப்பதும் எழுதுவதும் நான்தான். குடிசையைப் பிரித்து, கான்கிரீட் கூரை போட்ட வார்ப்பு வீடு கட்டுவதாக அண்ணன் எழுதினார். கிழக்கு எல்லைவரை வீடு வரும், பலாவை வெட்ட வேண்டும் என்றும் இருந்தது. மாமி பதில் சொன்னாள். "வீடு கெட்டிக்க, வேண்டாம்னு சொல்லேல்ல. கெழக்க உள்ள மண்ணை மட்டும் விட்டிரு. எனக்கு அங்க சும்மா இருக்கணும். இத அப்படியே எழுது மக்கா."

அம்மாவும் லீலா அக்காவும் அங்கே இருந்தார்கள். லீலா அக்கா சிரித்தாள். "வெயிலுல கெடந்து சாவுறவனுக்கு எழுதுற காரியமா இது? பெத்த தள்ளைக்குச் சும்மா இருக்க எடம் வேணுமாம்."

"எழுதாதட்டி, நாணக்கேடு" என்றாள் அம்மா.

மாமி என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுதினேன்: 'கிழக்கே உள்ள இடம் ஓலை காயப்போட வேண்டும்.' மாமிக்கு உதவுவதாகவே நினைத்தேன். சும்மா இருப்பதற்கு யார் இடம் விடுவார்கள், ஒரு வேலையைச் சொன்னால் விடுவார்கள் என்பது என் எண்ணம். வாசித்துக் காட்டும்போது மாமி சொன்னபடியே வாசித்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து வந்த பதிலை வாசிக்காமல் இருக்க முடியவில்லை. 'ஓலை காயப்போட இனி தரை வேண்டாம் அம்மா. வார்ப்புக்கு மேலே நல்ல வெயில் கிடைக்கும்.'

"ஓலையா?" என்று கேட்டாள் மாமி. நான் தலையைக் குனிந்தேன். "அப்ப நாம அவன்கிட்ட கேக்கவே இல்ல, இல்லியா" என்றாள்.

பலா விழுந்தது. தன் வீட்டுக்கு மாமி தானே மணல் சுமந்தாள், கொத்தனார்களுக்குப் பால் விடாத கட்டன்சாயா போட்டாள். வீடு முடிந்தபின் மேலே வெயில், உள்ளே புழுக்கம். முன்படியில் உட்கார்ந்தால் வழியே போகிறவர்கள் ஏதாவது வேலை சொன்னார்கள். மத்தியான நேரத்தில் சிவப்புச் சிமென்ட் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் பொன்னம்மைக்குப் புத்தி வந்தது என்று நீங்கள் மெச்சினீர்கள். வீடு அவளைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. கடைசி இரண்டு வருடமும் அவளுக்கு அந்த ஒரு மணி நேரம் இல்லை, அதைத்தான் சொல்கிறேன்.

அடக்கம் முடிந்த பிறகுதான் ராஜன் அண்ணனால் வந்துசேர முடிந்தது. நான் எழுதியதையும் மாமி சொன்னதையும் அவரிடம் சொன்னேன். என் வாழ்நாளில் நானாகப் போய்ப் பேசியது அது ஒன்றுதான். திட்டுவார் என்று நின்றேன். அவர் நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அங்க எனக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் லீவு" என்றார். "அன்னைக்கு நானும் சும்மா கெடப்பேன். அது இல்லேன்னா செத்திருப்பேன். சொல்லியிருந்தா வீட்ட மேற்க தள்ளிக் கெட்டியிருப்பேனே பிள்ளே."

மாமியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த மத்தியான நேரம். இப்போது எங்கள் முற்றத்தில், வழியைப் பார்த்தபடி, வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறேன். அம்மா மூன்றுமுறை கூப்பிடுகிறாள். லீலா அக்கா வேலிக்கு வந்து, சீக்கா, யாரையாவது எதிர்பார்த்து இருக்கிறாயா என்று கேட்டுப் போகிறாள். நீங்களும் கேட்பீர்கள், கேளுங்கள். உங்களுக்குப் பிடித்த மாதிரி ஒரு காரணத்தை இனி நான் உண்டாக்கித் தர மாட்டேன்.