காத்து ரூம்

மடாங் ஆஸ்பத்திரியில் கலேம் இருபத்தாறு வருடம் கட்டில் தள்ளியவர். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னவர்களை, கடலோரம் இருந்த கடைசி அறைக்குக் கொண்டுபோவதும் அவர் வேலைதான். அங்கே போன யாரும் நடந்து திரும்பியதில்லை. நோயாளிகள் பயப்படக் கூடாதென்று அதற்குக் 'காத்து ரூம்' என்று பெயர் வைத்தார். வீட்டில் அந்த அறையைப் பற்றிப் பேசியதே இல்லை.

இப்போது எட்டு நாளாக அவரே பொது வார்டில் கிடந்தார். வெள்ளிக்கிழமை காலை, கூட வேலை பார்த்த ரூபினா வந்து கட்டில் சக்கரத்தின் பூட்டைக் காலால் தள்ளினாள். அந்தச் சத்தத்தில் அவர் கண்ணைத் திறந்தார்.

"எங்க புள்ள?"

"இங்க ஒரே புழுக்கம் மாமா. காத்து ரூமுக்குப் போலாம்."

"அடிப்பாவி, எங்கிட்டயேவா? அந்தப் பேரை வச்சவனே நான்தாண்டி."

அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்த அவர் மனைவி சிபோனா, பேச்சுக் குரல் கேட்டு வெளியே வந்தாள். கிழங்குச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நல்ல ரூமா? காத்து வருமா?" என்று அவரிடம் கேட்டாள்.

கலேம் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடமும் அவர் தள்ளிக்கொண்டுபோனவர்கள் எல்லாரும் அந்தக் கம்பியை அப்படித்தான் பிடித்திருந்தார்கள்.

"வரும். கடல்கூடத் தெரியும்," என்றார். "பாயை மறந்துடாத."