ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் பிரிந்த கடிதம்

இர்யா லம்பேலா கையில் எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் முகவரியைப் பார்க்கமாட்டாள். திருப்பிப் பின்பக்க மூடியைப் பார்ப்பாள். பசை எங்கே முடிகிறது, மூலையில் எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள், அந்த இடைவெளியில் ஒரு பின்னல் ஊசி நுழையுமா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். விவாகரத்து ஆணை வந்த அன்றும் அப்படித்தான். "மூலை சரியில்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் பிரித்தாள். புருஷன் போனதற்கு அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை. அந்த உறையின் மூலையைப் பற்றி மட்டும் ஒரு வாரம் ஆலையில் பேசினாள்.

குவோப்பியோ நகரத்துக்கு வடக்கே ஏரியை ஒட்டி நின்ற உறை ஆலையில், மடிப்பு இயந்திரத்துக்குக் காகிதம் ஊட்டும் வேலைக்குப் பத்தொன்பது வயதில் சேர்ந்தவள். படிப்பு பெரிதாக இல்லை. ஆனால் காகிதத்தில் ஈரம் ஏறியிருந்தால் விரலால் தொட்டே சொல்லிவிடுவாள். மீட்டர் பிறகு வந்து ஆமாம் போடும். ஒரு சமயம் வங்கிக்குச் செய்துகொடுத்த உறைகளை எவனோ கெட்டில் நீராவியில் காட்டிப் பிரித்து, மறுபடி ஒட்டி அனுப்பிவிட்டான். ஆலையே தலையில் கை வைத்தபோது இர்யா நூறு உறைகளை வீட்டுக்கு எடுத்துப்போனாள். இரண்டு வாரம் சமையலறையில் கெட்டில் கொதித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் சூட்டில் இளகும் ஒரு பசையையும், சூட்டில் இன்னும் இறுகும் ஒரு பசையையும் மூடியில் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டாள். அதன் பிறகு எந்த நீராவியாலும் அந்த மூடியைக் கிழிக்காமல் எடுக்க முடியவில்லை. அவளை இயந்திரத்திலிருந்து வடிவமைப்பு அறைக்கு மாற்றினார்கள். அங்கே இருந்த மற்ற இரண்டு பேரும் பொறியாளர்கள். அவள் பெயருக்கு நேரே மட்டும் கடைசிவரை "உதவியாளர்" என்றே இருந்தது.

ஐம்பத்தாறாவது வயதில்தான் அவளுடைய பெரிய வேலை வந்தது. நீதிமன்றக் கடிதங்களுக்கு ஓர் உறை வேண்டும். போகும் வழியில் எந்தத் தபால் நிலையத்தைக் கடந்தது என்று சொல்ல வேண்டும். யார் எப்போது பிரித்தாலும் காட்டிக்கொடுக்க வேண்டும். "கடிதம் வரவே இல்லை" என்று கையை விரிக்கிறவர்களால் வழக்குகள் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தன. பொறியாளர்கள் தடியான பிளாஸ்டிக் பையை வரைந்தார்கள். இர்யா சாதாரணக் காகிதத்திலேயே செய்து காட்டினாள். மூடிக்கு அடியில் கரி மையால் தலைமுடி கனத்தில் ஒரு வளைகோடு. அதில் மின்சாரம் ஓடும். மூலையில் தட்டையாக்கிய அரிசி மாதிரி ஒரு சில்லு, காகிதக் கனத்தில் ஒரு பேட்டரி. கோடு அறுந்தால், அறுந்த நாளையும் நேரத்தையும் அந்தச் சில்லு கடைசியாக ஒருமுறை சொல்லிவிட்டு அடங்கிவிடும்.

ஆலையின் மேலாளர் ரோப்பே அவளைவிட இருபது வயது இளையவன். உறையைக் கையில் வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தான். "இர்யா, நீ ஒரு மந்திரவாதி" என்றான். விளம்பர வாசகத்தையும் அவனே எழுதினான்: "இந்த உறை பொய் சொல்லாது."

அந்தக் குளிர்காலத்தில் அவள் நாற்பது உறைகளை ஆலை வாசலில் ஒரு பழைய தபால் பெட்டிக்குள் போட்டுவைத்தாள். வெளியே மைனஸ் முப்பது. மூன்றாம் நாள் பெட்டியை விரல் முட்டியால் தட்டினாள். உள்ளே ஆய்வறைக் கணினியில் மூன்று உறைகள் தாங்கள் பிரிக்கப்பட்டுவிட்டதாக அறிவித்தன.

அந்தப் பதிவை அச்சிட்ட காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ரோப்பேயின் அறைக்குப் போனாள்.

"நாப்பதுல மூணு அறுந்துபோச்சு. யாரும் தொடல. மை குளிர்ல கண்ணாடி மாதிரி ஆயிடுது. லேசா ஒரு தட்டு, அவ்வளவுதான்."

"மைனஸ் முப்பதுல எவன் போய்த் தபால் பெட்டியைத் தட்டிக்கிட்டு நிக்கப் போறான்?"

"பெட்டி ரோட்டோரம்தானே நிக்குது, ரோப்பே."

"கவர் அதுல ஒரு நாள் கிடக்கும். மறுநாள் வந்து எடுத்துடுவாங்க. ஒப்பந்தத்துல என்ன கேக்குறாங்க? மைனஸ் பதினஞ்சு வரைக்கும் சோதிச்சா போதும்னு கேக்குறாங்க. பதினஞ்சுல எத்தனை அறுந்துச்சு?"

"ஒண்ணுகூட இல்ல."

"அப்ப அதை எழுது. உன்னை யாரும் பொய் எழுதச் சொல்லல. பதினஞ்சோட நிறுத்திக்க."

மையில் ரப்பர் சேர்த்து இளக்கமாக்கலாம். எட்டு மாதம் போதும். அதைச் சொல்லத்தான் வந்திருந்தாள். ஆனால் ரோப்பேயின் மேசைமேல் காப்புரிமை விண்ணப்பம் விரித்திருந்தது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் மட்டும், முழுதாக, பொறியாளர்கள் பெயர் எதுவும் இல்லாமல். எட்டு மாதத்தில் வேறு ஏதாவது கம்பெனி முந்திக்கொள்ளும். முப்பத்தேழு வருஷமாக "உதவியாளர்".

அவளை யாரும் மிரட்டவில்லை. வேலை போய்விடும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளாகத்தான் உட்கார்ந்து, சோதனை அறிக்கையில் "மைனஸ் பதினைந்து வரை குறைபாடு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நாற்பது உறைகளையும் அந்தக் காகிதத்தையும் துண்டாக்கும் இயந்திரத்தில் போட்டாள்.

உறை நன்றாக ஓடியது. இரண்டு குளிர்காலம் போயின. அவளைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகையில் படத்தோடு எழுதினார்கள்.

மூன்றாவது குளிர்காலம் முடியும் தறுவாயில், மார்ச் மாதம், காப்பி நேரத்தில் ஹில்க்கா அழுதாள். ஹில்க்கா அந்த உறைகளைப் பொதி கட்டுபவள். வாயைத் திறந்தால் மூட மாட்டாள், அழுது மட்டும் யாரும் பார்த்ததில்லை.

"எந்தம்பி இல்மரி இருக்கானே, அவன் பொண்ணைத் தொலைச்சுட்டான்" என்றாள். "அவனோட பழைய பொண்டாட்டி அந்தப் பொண்ணு சைமியைக் கூட்டிக்கிட்டு போர்ச்சுகலுக்குக் குடி போறா. கோர்ட்டு சரின்னுடுச்சு. கடிதம் பிரிச்ச நாள்லேர்ந்து முப்பது நாளுக்குள்ள இவன் மறுப்பு எழுதியிருக்கணும். எழுதல. கேட்டா, நான் நார்வேல மீன் வெட்டிக்கிட்டு இருந்தேன், கடிதத்தையே பாக்கலங்கிறான்."

"நார்வேல இருந்ததுக்கு அத்தாட்சி இல்லையா?" என்று பக்கத்தில் யாரோ கேட்டார்கள்.

"எங்கேர்ந்து? பேர் பதியாம, கையில காசு வாங்குற வேலை. அந்த முதலாளி இவனைத் தெரியவே தெரியாதுங்கிறான். எல்லாம் குடி. குடிச்சுட்டுக் கடிதத்தைப் பிரிச்சிருப்பான், பயந்து மூலையில போட்டிருப்பான். சின்ன வயசுலேர்ந்து இவன் புளுகைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு. மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டேன்: டேய், கவர் நாங்க செய்யிறதுடா, அது பொய் சொல்லாதுடான்னு."

சிலர் தலையாட்டினார்கள். இர்யா ஏலக்காய் பன்னைக் கீழே வைத்தாள்.

"எத்தனை மணிக்குப் பிரிஞ்சதா பதிவாகியிருக்கு?"

"ஜனவரி பதினொண்ணு. விடியக்காலை அஞ்சு அம்பத்திரண்டு. பாரேன், எந்தக் குடிகாரன் அந்த நேரத்துல எழுந்து கடிதம் படிப்பான்?" ஹில்க்கா தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள். மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜனவரி பதினொன்று. அந்த வாரம் முழுக்க மைனஸ் முப்பத்துநாலு. ஆலைத் தண்ணீர்க் குழாயே உறைந்து வெடித்தது அந்த வாரத்தில்தான்.

மறுநாள் இர்யா வண்டியை எடுத்துக்கொண்டு இல்மரியின் ஊருக்குப் போனாள். பிரதான சாலையும் காட்டுப்பாதையும் சேரும் இடத்தில் ஏழு தபால் பெட்டிகள் ஒரே பலகையில் வரிசையாக நின்றன. பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வீடு அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே.

உறை ஆலையில் வேலை என்று சொன்ன பிறகும் இல்மரி கதவைப் பாதிதான் திறந்தான்.

"ஆலையிலேர்ந்தா? எங்கக்கா அனுப்பினாளா? குடிகாரன்னு இன்னொரு தடவை சொல்லிட்டுப் போக வந்தியா?"

"அந்தக் கவர் இருக்கா உங்கிட்ட?"

இருந்தது. தூக்கிப் போடவில்லை. மேசைமேல் எறிந்தான். இர்யா பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள். மூடி ஒட்டினபடியே இருந்தது. இரண்டு பசையும் அசையவில்லை. உறையைப் பக்கவாட்டில் கத்தியால் கிழித்திருந்தான்.

"பக்கத்துல கிழிச்சிருக்க."

"எப்பவும் அப்படித்தான் கிழிப்பேன். அதுவும் குத்தமா?"

ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கரிக் கோட்டைப் பார்த்தாள். மூன்றாவது வளைவில், மூடியின் மடிப்பில், நூல் கனத்தில் ஒரு விரிசல்.

"காலைல ஆறு மணிக்கு முன்னாடி அந்தப் பெட்டிகிட்ட யாராவது வருவாங்களா?"

"யாரு வருவா? பனி வாருற லாரி வரும். வர்ற வேகத்துல பனியை அள்ளிப் பெட்டிமேல அடிச்சுட்டுப் போவான். பலகையே ஆடும். ரெண்டு தடவை புகார் எழுதினேன்." அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "ஏன் கேக்குற?"

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "சும்மாதான். பாக்கணும்னு வந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் பையில் போட்டாள். கிளம்பும்போது வாசலில் சின்னதாக ஒரு ஜோடி பனிச்சறுக்குக் கட்டை சாய்ந்திருந்ததைக் கவனித்தாள்.

மூன்று நாள் அவள் யாரிடமும் பேசவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், உருளைக்கிழங்கு வேகவைத்துத் தின்றாள். வேறு யாராவது கண்டுபிடித்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். ஒரு வேளை அவன் பெட்டியிலிருந்து எடுக்கும்போது கோடு அறுந்திருக்கலாம் என்று நினைத்துப் பார்த்தாள், நேரம்தான் இடித்தது. அந்த மூன்று நாளில் இரண்டாவது நாள் சைமியும் அம்மாவும் விமானம் ஏறினார்கள்.

நாலாவது நாள் ரோப்பேயின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அவன் முழுதும் கேட்டான். எழுந்து கதவைச் சாத்தினான்.

"மைனஸ் முப்பது சோதனைன்னு ஒண்ணு நடந்ததா எந்தக் காகிதமும் நம்மகிட்ட இல்ல, இர்யா. இருக்கிறது ஒரே அறிக்கை. அதுல கையெழுத்து உன்னுது."

"நீதான் பதினஞ்சோட நிறுத்தச் சொன்ன."

"நான் சொன்னேனா? நீ எங்கிட்ட விதியைக் கேட்ட, நான் விதியைச் சொன்னேன். நாப்பது வருஷமா இருக்குற. யோசிச்சுப் பாரு. நீ மட்டும் இல்ல, அந்தக் கவர் செய்யிற பிரிவுல இருபத்தொரு பேரு இருக்காங்க."

அவள் யோசிக்கவில்லை, யோசித்தால் போகமாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நேரே இல்மரியின் சட்ட உதவி வக்கீலிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். வக்கீலம்மா எழுதிக்கொண்டே வந்தவள், நடுவில் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாள். "இது உங்களுக்கே எதிரா எழுதிக்குடுக்குற வாக்குமூலம். புரியுதில்ல?"

"புரியுது."

வழக்கு பதினான்கு மாதம் நடந்தது. பனி வாரும் லாரியில் போகும் வழியைப் பதியும் கருவி இருந்தது. ஜனவரி பதினொன்றாம் தேதி அந்த முச்சந்தியை அது கடந்த நேரம் ஐந்து ஐம்பத்திரண்டு. குளிர்ப்பெட்டியில் வைத்து இருபது உறைகளை நீதிமன்றமே சோதித்தது, இரண்டு அறுந்தன. ரோப்பே சாட்சிக் கூண்டில் நின்று, திறமையான ஆனால் படிப்பில்லாத ஊழியர் ஒருவரை அளவுக்கு மீறி நம்பிவிட்டோம் என்று வருத்தத்தோடு சொன்னான். இர்யா அவனைப் பார்க்கவில்லை. அறிக்கையை யார் எழுதியது என்று கேட்டபோது "நான்" என்றாள். ஏன் என்று கேட்டபோது, "எம்பேரு வரணும்னு ஆசைப்பட்டேன்" என்றாள்.

பழைய தீர்ப்பு செல்லாது என்று ஆனது. மறுபடி விசாரித்தார்கள். அதற்குள் சைமிக்கு ஒன்பது வயது. திரையில் தோன்றி, சில சொற்களைத் தேடித் தேடிப் பேசினாள். பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறது, ஒரு நாய் இருக்கிறது, அப்பாவைப் பிடிக்கும், ஆனால் இங்கேயே இருக்கிறேன். குழந்தையை மறுபடி பிடுங்கி நடுவது நல்லதில்லை என்று நீதிமன்றம் நினைத்தது. இல்மரிக்குக் கோடையில் ஐந்து வாரம் கிடைத்தது.

நீதிமன்ற நடைபாதையில் மேல்கோட்டை மாட்டிக்கொண்டு அவன் இர்யாவின் எதிரே வந்து நின்றான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"கவர் விக்கிறதுக்கு முன்னாடியே தெரியும்."

"எங்க வீட்டுக்கு வந்தியே, கண்ணாடியை வச்சுக்கிட்டு. அன்னைக்கு?"

"தெரிஞ்சுபோச்சு."

"சைமி அப்ப இங்கதான் இருந்தா" என்றான் இல்மரி. "நான் அன்னைக்குச் சாயங்காலம் அவளைப் பாத்து டாடா காட்டிட்டு வந்தேன்." தொப்பியை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான்.

ஒப்பந்தம் ரத்தானது. இர்யாவை வழக்கு நடக்கும்போதே அனுப்பிவிட்டார்கள். தீர்ப்புக்குப் பிறகு அந்தப் பிரிவையே மூடினார்கள். ரோப்பே தெற்கே பெரிய கம்பெனி ஒன்றுக்குப் போனான். வேலை இழந்த இருபத்தொரு பேரில் ஹில்க்காவும் ஒருத்தி. ஒரு நாள் கடையில் பால் வாங்கும்போது இர்யாவின் தள்ளுவண்டியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எந்தம்பிக்கு நியாயம் வாங்கிக்குடுத்த, எனக்கு வேலை போச்சு. ரெண்டுக்கும் ஒரே கைதான், சந்தோஷமா?" என்றாள். "அவன் என்னை வீட்டுக்குள்ளயே விடமாட்டேங்கிறான். புளுகன்னு சொன்னேன்ல. கூடப்பொறந்தவளே நம்பல, கவரை நம்பினாள்னு ஊரெல்லாம் சொல்றான்."

இர்யா தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

காப்புரிமையை வேறொரு நிறுவனம் வாங்கி, மையில் ரப்பர் சேர்த்து, இப்போது மைனஸ் நாற்பதிலும் கோடு அறுந்துபோகாத உறையாக விற்கிறது. சேர்க்க அவர்களுக்கு ஏழு மாதம் ஆனதாம். பதிவேட்டில் கண்டுபிடித்தவர் பெயர் மாறவில்லை.

போன ஜூலையில் சந்தைச் சதுக்கத்தில் இர்யா ஸ்ட்ராபெர்ரி வாங்கிக்கொண்டிருந்தாள். இல்மரி எதிரே வந்தான்; பக்கத்தில் வெயிலில் கறுத்த, நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு சிறுமி. வெளிநாட்டுக்காரருக்குச் சொல்வது போல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, மீனைக் காட்டி அதன் பெயரைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அவள் தப்பாகச் சொன்னாள், அவன் சிரித்தான். நிமிர்ந்தவன் இர்யாவைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு சதுக்கத்தின் மறுபக்கத்துக்குக் கடந்து போனான்.