உளி பட்ட பெயாரிங்

கைதடி தாண்டிக் கோப்பாய்ப் பாலத்தில் ஏறியபோதுதான் காலில் செருப்பு இல்லை என்பதைக் கவனித்தேன். வேலைக்கு இறங்கும்போது கராஜ் வாசலில் கழற்றி வைத்தது அங்கேயே கிடந்தது. திரும்பிப் போனால் ஐந்து மைல். போகவில்லை. தார் சுட்டது, ஓரத்து மண்ணில் இறங்கி நடந்தேன்.

சாவகச்சேரியில் அந்தக் கராஜில் ஏழு மாதம் இருந்தேன். எனக்கு ஓரிடத்தில் ஏழு மாதம் என்பது அதிகம். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டபின் கொஞ்சக் காலம் கடலில் வலை இழுத்தேன். பிறகு சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டத்தில் நின்றேன். அங்கே தண்ணீர்ப் பம்ப் அடிக்கடி நின்றுபோகும். கழற்றிக் கழற்றிப் பூட்டியதில் எஞ்சின் வேலை கைக்கு வந்தது.

அது யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலம். பெற்றோல் இல்லாததால் கார்களெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் ஆறிக்கிடக்கும் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஸ்டார்ட் ஆகாது. முதலில் ஒரு மூடி பெற்றோல் ஊற்றி உசுப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அந்த ஒரு மூடிப் பெற்றோல் எங்கள் பக்கத்தில் கராஜ்காரரிடம் மட்டும்தான் இருந்தது. கராஜின் மேல்தட்டில் ஒரு போத்தல் எப்போதும் நிற்கும். எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு நாள் காலை வாடகைக் கார்க்காரர் வந்தார். குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து குடும்பத்தோடு சாவகச்சேரியில் இருந்தவர். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்களை ஏற்றித்தான் பிழைத்தார். கார் தெருமுனையில் திரும்பும்போதே கீச்சென்ற சத்தம் வந்துவிட்டது.

"தம்பி, உது கத்திற கத்துக்கு, நான் வாறன் எண்டு சனம் ரெண்டு ஒழுங்கைக்கு முன்னமே வெளியிலை வந்து நிக்குது."

"அப்ப ஹோண் மிச்சம், அண்ணை."

"பகிடி விடாதை. பிள்ளைத்தாய்ச்சியள் ஏறுற கார். நேத்து ஒராள் நோவை விட்டிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு வந்தவ."

பொனற்றைத் திறந்தேன். பெல்ற் முழுக்க வெள்ளையாய்ச் சவர்க்காரம். அப்போது எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். புதுப் பெல்ற் கிடைக்காது. கத்தினால் சவர்க்காரத்தைத் தேய்ப்பார்கள். குளிக்கச் சவர்க்காரம் இல்லாத வீட்டில்கூடக் காருக்கென்று ஒரு துண்டு ஒளித்து வைத்திருப்பார்கள். தேய்த்தால் சத்தம் ஒரு நாள் அடங்கும், மறுநாள் இன்னும் பலமாய்க் கேட்கும்.

பெல்ற்றைக் கழுவித் துடைத்து எஞ்சினை ஓடவிட்டேன். ஓடும் பெல்ற்றில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். பெல்ற் வழுக்கிக் கத்தினால் தண்ணீர் பட்டதும் சத்தம் மாறும். மாறவில்லை. பெல்ற்றைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் ஓடவிட்டேன். சத்தமே இல்லை. இனி பெல்ற் சுற்றும் இரண்டு புல்லிதான் பாக்கி. ஃபான் புல்லியைக் கையால் சுற்றினேன், இலகுவாகச் சுழன்றது. டைனமோ புல்லி மணலரைப்பதுபோல் அரைத்தது. பெல்ற்றைத் திரும்பப் போட்டு, நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியை டைனமோவில் வைத்து, பிடியைக் கார்க்காரரின் காதில் வைத்தேன்.

"ஐயோ, உள்ளுக்கை அம்மியெல்லோ அரைக்குது!"

"பெயாரிங் தேஞ்சுபோட்டுது, அண்ணை. சவர்க்காரம் பூசி வேலையில்லை."

பெயாரிங்கை இழுத்தெடுக்கும் கருவி கராஜில் இல்லை. உளி வைத்துத் தட்டித்தான் எடுத்தேன். ஒரு முறை உளி வழுக்கி, வெளிவளையத்தில் நகம் அளவு வெட்டு விழுந்தது. எப்படியும் எறியப்போகும் சாமான் என்று மூலையில் போட்டேன்.

நல்லது ஒன்று கிடைக்க வேண்டுமே. கராஜ் சைக்கிளில் சண்டிலிப்பாய்க்குப் போனேன். பழைய தோட்டக்காரரின் உடைந்த பம்ப் ஒன்று மாட்டுக்கொட்டிலில் கிடந்தது எனக்குத் தெரியும். அதன் பெயாரிங்கைக் கேட்டேன், கழற்றிக்கொண்டு போ என்றார். அளவு சரியாயிருந்தது. மறுநாள் பூட்டுவதற்கு முன் கார்க்காரரின் கையில் கொடுத்தேன். விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தார். நெடுநேரம் சத்தமில்லாமல் சுற்றியது. பூட்டி ஓடவிட்டு மறுபடி ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்தேன்.

"ஒண்டும் கேக்கேல்லையே! கார் ஓடுதோ, நிக்குதோ?"

அடுத்த நாள் காபரேற்றரைச் சரிபார்க்க வேண்டும் என்று கராஜ்காரர் அந்தக் காரை நிறுத்தி வைக்கச் சொன்னார். என்னை மண்ணெண்ணெய் வரிசைக்கு அனுப்பினார். பின்னேரம் நான் மண்ணெண்ணெய்க் கானோடு திரும்பியபோது கார் போய்விட்டிருந்தது. எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

மூன்றாம் நாள் காரை ட்ராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். கைதடிக்குக் கிட்ட டைனமோ இறுகி, பெல்ற் எரிந்து அறுந்து, தண்ணீர் கொதித்து எஞ்சின் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருந்திருக்கிறாள். வேறொரு லொறியை மறித்து ஏற்றி அனுப்பியதில் தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

நான் டைனமோவைப் பிரித்தேன். உள்ளே இருந்த பெயாரிங்கின் ஓரத்தில் நகம் அளவு வெட்டு. சுற்றிலும் கிறீஸ் அப்பியிருந்தது. அறுந்த பெல்ற்றில் சவர்க்காரம்.

"இது நான் கழட்டி எறிஞ்ச பழசு. உளி பட்ட இடத்தைப் பாருங்கோ" என்றேன்.

கராஜ்காரர் தலைகூட நிமிர்த்தவில்லை. "உவன் பழசைத்தான் துடைச்சுப் பூட்டியிருக்கிறான். சண்டிலிப்பாய்க்குப் போனனெண்டு எனக்கும் கதை விட்டவன். நல்ல பெயாரிங்கை ஆருக்குக் குடுத்தானோ."

தண்ணீர்ப் பம்ப் வைத்திருந்த யாருக்கோ அவர் அந்த நல்ல பெயாரிங்கை விற்றுவிட்டு, நான் வரிசையில் நின்ற நாளில் பழசைத் திரும்பப் பூட்டியிருப்பார். அந்தக் களவு எனக்குப் பெரிதாய்ப் படவில்லை. அந்தக் காலத்தில் ஒரு பெயாரிங்குக்கு யாரும் எதுவும் செய்வார்கள். நான் கார்க்காரரிடம் திரும்பினேன்.

"அண்ணை, நீங்கள் கையிலை வாங்கிச் சுத்திப் பாத்தனீங்களெல்லோ. சொல்லுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேல்தட்டில் நின்ற பெற்றோல் போத்தலைப் பார்த்தார்.

"எனக்கு உந்தச் சாமான் ஒண்டும் விளங்காது. நான் வடிவாப் பாக்கேல்லை" என்றார்.

ட்ராக்டர்க்காரரும் வாசலில் நின்ற நாலைந்து பேரும் என்னைப் பார்த்த பார்வை மாறியதை நான் கண்டேன். ஒருவர், "பிள்ளைத்தாய்ச்சியின்ரை உசிரோடை விளையாடியிருக்கிறான்" என்றார். நான் கைகூடக் கழுவாமல் வெளியே வந்தேன்.

சந்தைக்கு அருகில் கார்க்காரர் ஓடி வந்து பிடித்தார்.

"தம்பி, கோவியாதை. அந்தாளைப் பகைச்சால் என்ரை கார் அசையாது. எனக்கு நாலு பிள்ளையள். நீ தனியாள், எங்கையும் போய்ப் பிழைச்சிடுவாய்."

"அதை அங்கை வைச்சுச் சொல்லியிருக்கலாமே, அண்ணை."

நான் நடந்தேன். எங்கும் போகக்கூடிய ஆள் என்பதுதான் என்னை விற்க அவருக்குக் கிடைத்த நியாயம். அதுவரை அதை நான் என் சுதந்திரம் என்று நினைத்திருந்தேன்.

அன்று கோப்பாயில் ஒரு வாசிகசாலை விறாந்தையில் படுத்தேன். விடிந்ததும் நீர்வேலிக்கு நடந்தேன். வாழைத் தோட்டத்தில் நின்ற ஒருவரிடம் வேலை கேட்டேன். அவர் என் கைகளைப் பார்த்தார். நகத்துக்குள் கிறீஸ் கறுப்பாய் இருந்தது.

"எஞ்சின் வேலை தெரியுமோ?"

"தெரியாது, ஐயா."

"அப்ப உது என்ன கறுப்பு?"

"கறள் பிடிச்ச இரும்புச் சாமான் தூக்கினனான்."

அவர் நம்பினாரோ தெரியாது. மண்வெட்டியை நீட்டி, மேற்கு மூலையிலிருந்து வாழைகளுக்குப் பாத்தி பாத்தியாய்த் தண்ணீர் மாற்றிவிடச் சொன்னார். வாய்க்காலில் இறங்கி முதல் பாத்தியை வெட்டித் திறந்துவிட்டேன்.