வெள்ளித்தாள் கோயில்

தாட்சாயிணி டீச்சரை எனக்கு முதலில் பிடிக்கவே பிடிக்காது. ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து திருமழிசைப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் மாறி வருவார். கைவேலை டீச்சர். ஒல்லி உடம்பு, இறுக்கமான கொண்டை, அதட்டவே தெரியாத குரல். அந்தக் குரலில் "எல்லாரும் கையைக் கட்டுங்க" என்று ஒரு தடவை சொன்னால் போதும், மொத்த வகுப்பும் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிடும்.

அதுதான் எனக்கு ஆகாது. என் அப்பா நூம்பலில் பண்ணை வேலை பார்த்தவர். வரப்பு மேல் நிற்கிற ஆளுக்கு முன்னால் கை கட்டி நின்றே அவர் காலம் போனது. எனக்கு வாய் சும்மா இருக்காது, பள்ளிக்கூட வாசலிலேயே சண்டைக்குப் போனேன்.

"எம்பொண்ணு எவங்கிட்டயும் கைய கட்டிக்கினு நிக்கத் தேவல டீச்சர்."

"கத்தரிக்கோல், ஊசின்னு கையில குடுக்கறேன் வனஜாம்மா. அடுத்தது நான் சொல்ற வரைக்கும் கை சும்மா இருக்கணும். அதுக்குத்தான்."

பெரிய இவ என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வேலைக்குப் போனேன்.

அப்போது எனக்குத் திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு ரப்பர் கம்பெனியில் வேலை. காலையில் மகள் வனஜாவையும் கூடவே பஸ்ஸில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, சாயந்திரம் கூட்டி வருவேன். வயலில் அறுந்து கிடந்த கம்பியை மிதித்து ஓர் எருமை செத்ததைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்குக் கரண்ட் என்றாலே நடுக்கம். நான் கடைக்குப் போய்த் திரும்பும் வரை இருட்டிலேயே உட்கார்ந்திருப்பாள், சுவிட்சைத் தொட மாட்டாள்.

அந்தப் பயத்தைப் போக்கியவர் டீச்சர்தான், அதை மறைக்கக் கூடாது. தையல் மட்டும் படித்தவர் அவர். கரண்ட் பாடம் எடுக்கச் சொல்லி அவரை யாரும் கேட்கவில்லை. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளை நாடா மாதிரி கத்தரித்து அட்டையில் ஒட்டச் சொல்வார். இந்தப் பக்கம் டார்ச் செல், அந்தப் பக்கம் குட்டி பல்பு, நடுவில் சுவிட்சுக்குப் பதில் ஓர் ஊக்கு. "போற வழி ஒண்ணு, திரும்பி வர்ற வழி ஒண்ணு. எங்க அறுந்தாலும் எரியாது" என்று சொல்லிவிட்டு, எரிந்துகொண்டிருக்கும்போதே வெள்ளித்தாளை விரலால் தொட்டுக் காட்டினாராம். பிள்ளைகளையும் தொடச் சொன்னாராம். அன்று சாயந்திரம் வனஜா தானாகவே எங்கள் வீட்டு லைட்டைப் போட்டாள். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆடி பிறந்ததும் எங்கள் அம்மன் கோயிலை அட்டையில் செய்து வீட்டுக்கு எடுத்து வந்தாள். கோபுரத்தில் பல்பு. விடாமல் எரியவிட்டுச் சீக்கிரமே செல்லைத் தீர்த்துவிட்டாள். அப்புறம் வாங்கலாம் என்று சொல்லிவைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அவளுக்குக் காய்ச்சல். லீவு போட்டால் வேலை போய்விடும். அவள் அப்பா அம்பத்தூரில் ஷிப்டில் இருந்தார். வீட்டுக்குப் பின்னால் குட்டை இருக்கிறதே என்ற பயத்தில், கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனேன்.

மதியம் வாட்ச்மேன் கூப்பிட்டார். கேட்டருகில் டீச்சர் மூச்சு வாங்க நின்றிருந்தார். காலில் செருப்பு இல்லை.

"வனஜா எங்க?"

"ஜொரம். ஊட்ல கீறா. இன்னாத்துக்கு?"

"கூட யாரு?"

"யாருமில்ல. பூட்டிக்கினு வந்தேன்."

என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். வனஜா முந்தின நாள் தன்னிடம் சொன்னதை அவள் தோழி புஷ்பா அப்போதுதான் வகுப்பில் சொல்லியிருக்கிறாள். செல் தீர்ந்துவிட்டதால் கோயிலை வீட்டு பிளக்கில் சொருகி எரியவைக்கப் போகிறாளாம் வனஜா. எங்கள் வீடு டீச்சருக்குத் தெரியாது, கம்பெனிதான் தெரியும். அதனால் என்னைத் தேடி ஓடி வந்திருக்கிறார்.

சூப்பர்வைசரிடம் சொல்லக்கூட நிற்கவில்லை. ரோட்டுக்கு ஓடி, வந்த பஸ்ஸில் ஏறினோம். கோபம் தலைக்கு ஏறியது. மரியாதை எல்லாம் போய்விட்டது.

"டார்ச்சு செல்லு வேற, ஊட்டுக் கரண்ட்டு வேறன்னு கொயந்தைங்களுக்கு சொன்னியா நீ?"

"சொன்னேன். தொட்டும் காட்டினேன். அவ தொட்டதை மட்டும் ஞாபகம் வச்சிருக்கா" என்றார். "மேல ஒரு உறை கூட இல்லாத வெள்ளித்தாள், வனஜாம்மா. பல்பு வெடிச்சாப் பரவாயில்ல. அதுக்கு முன்னாடி அவ கை..."

பூந்தமல்லியில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். நான் ஜன்னல் வழியாக அவரைத் திட்டிய திட்டில் பாதி கிளாஸோடு திரும்பி வந்து வண்டியை எடுத்தார். டீச்சர் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். என் மகளுக்கு ஏதாவது ஆனால் இவரை உயிரோடு விடக்கூடாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலப்பன்சாவடியில் இறங்கி நூம்பல் வரை ஓடினோம். ஜன்னல் சாத்தியிருந்தது. சாவியைப் பூட்டில் நுழைத்தேன். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வனஜா கூப்பிட்டாள்.

"அம்மா, வந்துட்டியா? இரு இரு. நீ கதவத் தொறந்ததும் ஊக்கப் போட்றேன். கோபுரம் எரியும் பாரேன்."

எல்லாவற்றையும் மாட்டி வைத்துவிட்டு எனக்குக் காட்டத்தான் காத்திருந்திருக்கிறாள். நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். டீச்சர் ஒரு கையால் என் வாயைப் பொத்தினார், இன்னொரு கையால் சாவியோடு என் கையை அமுக்கினார். கத்தினால் அவள் திடுக்கிட்டு எதைத் தொடுவாளோ. பிறகு கதவில் முகத்தை வைத்து, வகுப்பில் பேசும் அதே குரலில், கொஞ்சம்கூட அவசரமில்லாமல் சொன்னார்.

"வனஜா, கைவேலை வகுப்பு ஆரம்பிச்சாச்சு. எல்லாரும் கையைக் கட்டுங்க."

உள்ளே சத்தமே இல்லை.

"கட்டியாச்சா?"

"கட்டிட்டேன் டீச்சர்."

கதவைத் திறந்தேன். கோயிலின் வெள்ளித்தாளில் மாட்டிய இரண்டு ஒயர்களைப் பிளக் ஓட்டைகளில் நுழைத்து, நழுவாமலிருக்கத் தீக்குச்சிகளைச் செருகியிருந்தாள். சுவிட்ச் போட்டிருந்தது. தரையில் கோயில், அதன் சுவரெல்லாம் வெள்ளித்தாள், ஊக்கு பாதி திறந்தபடி. அதற்கு ஒரு சாண் தள்ளி, வெறும் தரையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என் மகள்.

டீச்சர் சுவரை ஒட்டியே போய் சுவிட்சை அணைத்தார். ஒயர்களைப் பிடுங்கிப் போட்டார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் கையை ஓங்கிவிட்டேன். யாரை அடிக்க என்று எனக்கே தெரியவில்லை.

"டீச்சர், கைய எடுக்கலாமா?" என்றாள் வனஜா.

டீச்சர் வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. வனஜா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஓங்கிய கையை இறக்கி, கட்டிய கையோடு அவளை இழுத்து என் மடியில் போட்டுக்கொண்டேன்.

"இருடீ. டீச்சர் சொல்லட்டும்" என்றேன்.