‘நக்கோ’ என்றால் என்ன என்று கேட்டார்கள்

செய்தியை எனக்குச் சொன்னவர் அப்பா. ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் தட்டில் இரண்டாவது தோசை இருந்தது. தமிழ்ச் சங்கத்துக் குழுவில் யாரோ அனுப்பிய குரல் பதிவைக் காதில் வைத்துக் கேட்டார். போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

“அந்தப் பாட்டுக்காரப் பய போயிட்டானாம்” என்றார்.

அம்மா தோசைக் கரண்டியோடு அடுக்களை வாசலில் நின்றுவிட்டாள். அப்பா தோசையைப் பிய்த்தார், ஆனால் வாயில் வைக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“எவன் வந்து கேட்டாலும் வயர் தடுக்கி விழுந்தான். நீ பாத்தது அதான். என்னட்டி?”

நான் தலையை ஆட்டினேன். அப்பா எழுந்து போய்க் குழாயடியில் வெகுநேரம் கை கழுவினார். அந்தத் தோசையை யாரும் சாப்பிடவில்லை.

கேட் குமாரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். சங்க விழா மேடையில் வயர் தடுக்கி விழுந்தார், பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார், இறந்தார். அது உண்மையில்லை. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவரை அடித்தது என் அப்பா. குமார் அண்ணாவின் அக்கா கொடுத்த புகாரின் பேரில், விழாவில் இருந்தவர்களை விசாரிக்க நாளைக்குப் போலீஸ் வருகிறது. எங்கள் வீட்டுக்கும் வருவார்கள்.

நஸ்ரீன் அக்காதான் நம் ரசிகர் குழுவில், நினைவு மலருக்கு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னார். எந்த மொழியிலும் எழுதலாம் என்றார். அண்ணாவின் அக்கா தமிழ் படிப்பார் என்பதால் தமிழில் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். அறிவியல் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கங்களில் எழுதுகிறேன். கதவு சத்தம் கேட்டால் திருப்பி வைத்துவிடலாம், மேலே இதயத்தின் படம்தான் தெரியும். ஒரு பக்கத்தில் முடியாது போலிருக்கிறது.

அண்ணாவின் பாட்டை நான் முதலில் கேட்டது பள்ளிக்கூட வேனில். அம்பாசமுத்திரத்திலிருந்து நாங்கள் ஹைதராபாத்தில் மல்காஜ்கிரிக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்பாவுக்குப் பாலாநகரில் தொழிற்சாலை வேலை. எனக்குத் தெலுங்கும் வராது, இந்தியும் வராது. வேனில் யாரோ போனில் ஒரு பாட்டைப் போட்டார்கள். முதலில் ரயில்வே கேட் மூடுகிற மணி. அதன்மேல் கிடாரைக் கல்லில் தேய்ப்பதுபோல ஒரு சத்தம். பிறகு பழைய நகரத்துக் கல்யாண ஊர்வலங்களில் அடிக்கும் மர்ஃபா மேளம். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒருவர் எழவு வீட்டில் அழுவதுபோலத் தமிழில் பாடினார். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் அடுத்த நிறுத்தம் வரை போய்விட்டேன்.

ரயில்வே கேட்டை ஒட்டி வீடு என்பதால் அவர் கேட் குமார். தாத்தா காலத்தில் பட்டறை வேலைக்கு வந்த குடும்பம். அவருடைய தமிழில் பாதி வார்த்தை தமிழே இல்லை. குக்கர் விசில், கவ்வாலிக் கைதட்டல், பிரஸ் மெஷின், சர்ச் ஆர்கன் எல்லாவற்றையும் பாட்டுக்குள் போடுவார். “காதுக்குக் கதவு இல்ல. கடவுளே வெக்கல, நா எதுக்கு வெக்கணும்?” என்று ஒரு பேட்டியில் சொன்னார். எந்தச் சத்தத்தையும் வேண்டாம் என்று சொல்லாத அந்த மனிதருடைய பேர் போன பாட்டு, ‘நக்கோ’.

உங்களுக்கு அதன் பொருளைச் சொல்ல வேண்டியதில்லை. ஹைதராபாத்தில் ஆட்டோக்காரரும் சொல்வார், கறிகாய்க்காரரும் சொல்வார். ஆனால் ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு தமிழ்க் காதுக்கு அது எப்படி விழும் என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள்.

“பயமா? நக்கோ. சலாமா? நக்கோ. குனியச் சொன்னா குனியவா? நக்கோ, நக்கோ, நக்கோ.” போன வருடம் துணி மடித்துக்கொண்டே இதை முணுமுணுத்தேன். அப்பா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். செருப்பைக் கழற்றவில்லை. கன்னத்தில் விழுந்த முதல் அறையிலேயே என் காது அடைத்துப் போயிற்று. முடியைப் பிடித்துச் சுவரோடு சேர்த்தார்.

“என்ன பாட்டுட்டி இது? குனியணுமாம், நக்கணுமாம். எவன் சொல்லிக் குடுத்தான்?”

“ஏங்க, விடுங்க. வளந்த பிள்ள” என்று அம்மா நடுவில் வந்தாள். அவளுக்கும் விழுந்தது.

“சொல்லு. என்ன அர்த்தம்?”

ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்தப் பாட்டு எனக்குத் தெரியும் என்று ஒத்துக்கொண்டால், டியூஷன் என்று சொல்லிவிட்டுப் போகும் ஞாயிற்றுக்கிழமைகள் வரை எல்லாம் வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். “தெரியாதுப்பா” என்றேன். அதற்கும் ஒன்று விழுந்தது. நக்கோ என்றால் நக்கு என்பது அன்றைக்கு எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருமுல்கேரியில் மூடிப்போன பேக்கரியின் பின்பக்கத் தகரக் கொட்டகையில்தான் அண்ணா பாடுவார். மத்தியானம் மூன்று மணி, உள்ளே அடுப்புச் சூடு. நான் முதல்முறை போனபோது சுவரோரம் நின்றேன். ‘நக்கோ’ தொடங்கியதும் அறுபது எழுபது பேர் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்து, இடித்துக்கொண்டு ஆடினார்கள். யாருடைய முழங்கையோ என் வாயில் இடித்தது. கீழே விழுந்தேன். வாயெல்லாம் ரத்தம், நாக்கில் ஒரு பல் துண்டு. மிதிபடப் போகிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

பாட்டு நின்றது. “விழுந்தா தூக்கு!” என்று மைக்கில் ஒரு கத்தல். நாலு கை என்னை அக்குளில் பிடித்துத் தூக்கிவிட்டன. அதில் ஒரு கை நஸ்ரீன் அக்காவுடையது.

“கைக்கு ரோரீ? ஏன் அழற? பல்லா? காட்டு. அரே, அழகா இருக்கு. குமார் பாய், இந்தப் பொண்ணு உங்க பாட்டுக்குப் பல்லு குடுத்துட்டா!”

அவர் மேடையில் குந்தி உட்கார்ந்து என்னைப் பார்த்தார். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. “எந்த ஊரும்மா?”

“அம்பாசமுத்திரம்.”

“அங்கே பல்லு முளைக்குமா திரும்ப?”

“முளைக்காது.”

“அப்போ மீதிய பத்திரமா வெச்சுக்க. ஹவ்? சரியா?” என்றார். எழுந்து, விட்ட இடத்திலிருந்து பாடினார்.

வீட்டில் பஸ் படியில் இடித்துக்கொண்டேன் என்று சொன்னேன். ஆனால் அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது ஒன்று யோசித்தேன். அடி என்றால் எனக்கு ஒரேவிதம்தான் தெரிந்திருந்தது. அது என்னைத் தேடி வரும், விழுந்த பிறகும் வரும். அந்தக் கொட்டகையில் பட்ட அடி என்னைத் தேடி வரவில்லை. விழுந்ததும் நின்றது. அதற்காகத்தான் திரும்பத் திரும்பப் போனேன். பாட்டுக்காக என்று முழுதாகச் சொன்னால் பொய்யாகிவிடும்.

அவர் சாது இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். ஒலிப்பெட்டியை உதைத்து உடைத்ததை நானே பார்த்திருக்கிறேன். ஸ்பீக்கரில் தலையால் முட்டுவார். ஒருமுறை பின்வரிசையிலிருந்து ஒருவன் “இட்லி, இறங்குடா” என்று தெலுங்கில் கத்திவிட்டு பாட்டிலை வீசினான். அது மேடைக் கம்பியில் பட்டு உடைந்து, அண்ணாவின் புருவம் கிழிந்தது. ஒரு கண் ரத்தத்தில் மூடிக்கொண்டது. அவர் குனிந்து பாட்டிலின் கழுத்துத் துண்டை எடுத்தார். இறங்கிப் போய் அவனைக் குத்தப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அதை விரலில் மாட்டிக் கிடார்க் கம்பியில் இழுத்தார். சரக்கு ரயில் பிரேக் போட்ட சத்தம். தகரமெல்லாம் அதிர்ந்தது. பாட்டு முடிந்ததும் அந்தப் பையனை மேடைக்குக் கூப்பிட்டு, “இந்த டியூன் உன்னுது. பேர் சொல்லு, எழுதிக்கறேன்” என்றார். அவன் ஓடியே போய்விட்டான். அண்ணா புருவத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு, “வாங்கின அடிய என்ன பண்றேங்கறதுதான் என் வேலை” என்றார்.

இனி விழா.

அவரை ஏன் சங்கத்தில் கூப்பிட்டார்கள் என்று நீங்கள் குழுவில் கேட்டிருந்தீர்கள். செயலாளருக்கு யாரோ, மல்காஜ்கிரித் தமிழ்ப் பையன், நன்றாகப் பாடுவான் என்று சொல்லியிருக்கிறார்கள். நோட்டீஸில் ‘மெல்லிசை’ என்று போட்டிருந்தது. அதைப் பார்த்து அண்ணா மேடையிலேயே சிரித்தார். “மெதுவாத்தான் ஆரம்பிப்பேன், பயப்படாதீங்க” என்றார். கிடார், ஒரு மர்ஃபாக்காரப் பெரியவர், அவ்வளவுதான். கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசை மாமாக்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். இங்கேயே பிறந்த குடும்பத்துப் பிள்ளைகள் நாற்காலிமேல் ஏறி ஆடினார்கள். நான் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். அவர் என்னைப் பார்த்து அடையாளம் கண்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

‘நக்கோ’ வந்தது. மைக்கைப் பிள்ளைகள் பக்கம் நீட்டினார். சின்னப் பெண்கள் எல்லாம் “நக்கோ!” என்று கூவினார்கள். பழைய குடும்பங்கள் கைதட்டிச் சிரித்தன. என் பக்கத்து வரிசைகள், நாங்கள் புதிதாக வந்தவர்கள், அமைதியாகிவிட்டோம்.

அப்பா எழுந்தார். “மேடையில நின்னுக்கிட்டு பொம்பளப் பிள்ளையள நக்கச் சொல்லுதான். கேட்டுட்டு இருக்கிய எல்லாரும்?” அவரோடு இன்னும் மூன்று நான்கு பேர் எழுந்தார்கள். அப்பா மேடையேறிக் கிடாரின் கழுத்தைப் பிடித்தார்.

“அரே, அண்ணே, அண்ணே. நக்கோன்னா வேணாம். வேணாம்னு அர்த்தம். இந்த ஊர் வார்த்தை அண்ணே.”

“யாருட்டல கத விடுதே?”

“யாரைவேணா கேளுங்க.”

அப்பா திரும்பி என்னைக் காட்டினார். மைக் திறந்திருந்தது, மண்டபம் முழுக்கக் கேட்டது. “என் பிள்ள இங்கன படிக்கா. பொய் சொல்ல மாட்டா. ஏட்டி, எந்திரி. நக்கோன்னா என்ன? சொல்லு.”

எழுந்து நின்றேன். அப்போது குமார் அண்ணா என்னைப் பார்த்துவிட்டார். அவர் முகம் மலர்ந்தது. “அரே, அம்பாசமுத்திரம்! சொல்லும்மா” என்றார்.

அப்பா அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். இவனுக்கு உன்னை எப்படித் தெரியும் என்ற கேள்வி அவர் கண்ணில் வந்ததைப் பார்த்தேன். என் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது.

“தெரியாதுப்பா” என்றேன்.

அப்பா மைக் ஸ்டாண்டைத் தூக்கி, இரும்பு வட்டு இருக்கும் அடிப்பக்கத்தால் அடித்தார். ஒரே அடி, காதுக்கு மேலே. அந்தச் சத்தம் மைக் வழியாக மண்டபம் முழுக்கக் கேட்டது. அண்ணா பின்னால் சரிந்து, மேடையிலிருந்து சிமென்ட் படியில் விழுந்தார். வயர் அவர் காலில் சுற்றியிருந்தது உண்மைதான். விழும்போது சுற்றிக்கொண்டது. கீழே கிடந்தவரை இரண்டு பேர் உதைத்தார்கள். அவர்கள் யார் என்றும் எனக்குத் தெரியும்.

முந்நூறு பேர் இருந்தோம். தூக்கியது அந்த மர்ஃபாக்காரப் பெரியவர் ஒருவர்தான். தலையை மடியில் வைத்துக்கொண்டு, “கோயி ஆவோ ரே, யாராவது வாங்க” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். என் காலிலிருந்து பத்தடி இருக்கும். விழுந்தா தூக்கு என்பது எனக்குத் தெரியும், தூக்கப்பட்டவள் நான். ஆனாலும் போகவில்லை. அம்மா என் கையைப் பிடித்திருந்தாள் என்று எழுதத்தான் நினைத்தேன். அவள் பிடிக்கவில்லை.

அப்பாவைப் பற்றி ஒன்று. அவர் என் பரீட்சைக்கு மழையில் பைக்கில் கூட்டிப் போய், முடியும்வரை வாசலில் நனைந்துகொண்டு நின்றவர். அவர் கொல்ல நினைத்து மேடையேறவில்லை. தன் பெண்ணைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார். அவர் கேட்டது ஒரு கேள்வி, கேட்டது என்னிடம். இரண்டு முறை கேட்டார், இரண்டு முறையும் நான் தெரியாது என்றேன். இதை எழுதினால் அவருக்கு என்ன ஆகும் என்று தெரியும். எனக்கு என்ன ஆகும் என்றும் தெரியும்.

இந்தத் தாள்களை விடிந்ததும் போனில் படம் எடுத்து நஸ்ரீன் அக்காவுக்கு அனுப்பிவிடுவேன். அக்கா, மலருக்கு முன்னால் இதை அண்ணாவின் அக்காவிடம் கொடுங்கள். என் பெயரை எடுத்துவிடாதீர்கள்.

அண்ணாவுடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. பாட்டுகளை வைத்திருந்த என் போனை அப்பா வாங்கிக்கொண்டார், படம் எடுக்கப்போவது அம்மாவுடைய போனில். மிச்சம் இருப்பது பாதிப் பல், அவர் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னது. சற்றுமுன் சத்தம் வராமல் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். ‘ந’ என்று தொடங்கும்போது நாக்கு நேராகப் போய் அந்த உடைந்த இடத்தில்தான் படுகிறது. கூர்மையாக இருக்கிறது.

நாளைக்கு அவர்கள் வந்து உட்காருவார்கள். அப்பா பக்கத்தில் நின்று, “நீ பாத்தத சொல்லு. வயர் தடுக்கித்தான விழுந்தான்? என்னட்டி?” என்பார்.

நக்கோ, அப்பா. நக்கோ என்றால் மாட்டேன் என்று அர்த்தம்.